விடைபெறும் கையின் ஒப்பம்

ஆட்சிப் பொறுப்பிலிருந்து இறங்கப் போகிறவர், இறங்குவதற்கு முன்னுள்ள சில கிழமைகளில் எவ்வளவு செய்யலாம், எதைச் செய்யாது விடவேண்டும் என்பது பழமையான வினா. அவ்வினா மிகக் கூர்மை பெறும் இடம் ஒன்று உண்டு. நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் ஓர் ஆசனம் காலியாகிறது. அதை நிரப்பும் அதிகாரமோ நாளை இருப்பாரா என்று தெரியாதவர் கையில் இருக்கிறது. அவர் நிரப்பலாமா, அடுத்து வருபவருக்கு விட்டுச் செல்ல வேண்டுமா?

குத்தகைக் காலம் முடியப் போகும் உழவன் வயலில் நெல் விதைத்தால் அடுத்தவன் அறுத்துக்கொள்வான். அதில் பெரிய வழக்கு எழாது. வரப்போரத்தில் தென்னங்கன்று நட்டுவிட்டுப் போனாலோ, அது அடுத்தவன் காலத்திலும், அதற்கடுத்தவன் காலத்திலும் நிற்கும். நீதிபதி நியமனம் இந்தத் தென்னங்கன்று போன்றது. ஓர் அமைச்சர் போட்ட ஆணையை அடுத்த அமைச்சர் நீக்கலாம். ஒரு சட்டத்தைப் புதிய சபை திருத்தலாம். அமர்த்தப்பட்ட நீதிபதியை மட்டும் எளிதில் பெயர்க்க இயலாது. பெயர்க்க இயலாதபடி வைத்திருப்பதுதான் நீதித்துறையின் காவல். அந்தக் காவலே இந்த வினாவை இவ்வளவு கடினமாக்குகிறது.

பிழைப்பின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் வங்கம் வந்து, லேக் மார்க்கெட்டையும் ராஷ்பிகாரி அவென்யூவையும் சூழ்ந்து தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மவர்க்கு இதில் என்ன ஈடுபாடு என்று சிலர் கேட்கலாம். ஈடுபாடு உண்டு. இங்கே வாடகை வீட்டு வழக்கோ, ஊரில் விட்டுவந்த நிலத்தின் பாகவழக்கோ காணாத குடும்பம் நம்மில் எத்தனை? வழக்கு நடத்தியவர்க்கு வாய்தாவின் வருத்தம் தெரியும். நீதிபதி ஆசனம் ஒன்று காலியாகக் கிடப்பது தில்லிச் செய்தி மட்டுமன்று. அது நம் வீட்டுப் பெட்டியில் கட்டி வைத்திருக்கும் பத்திரங்களின் கதை. மேலும் ஒரு பொருத்தம்: இவ்வினாவை ஒட்டிய இரு முக்கிய வழக்குகளில் ஒன்று நாம் பிறந்த மாநிலத்தின் சென்னை உயர் நீதிமன்றத்திலும், மற்றொன்று நாம் வாழும் நகரின் உயர் நீதிமன்றத்திலும் தோன்றின. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

முதலில் கடல் கடந்து செல்ல வேண்டும். இவ்வினா உலக வரலாற்றில் பெரிதாக எழுந்தது 1801-ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாட்டில். இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றுவிட்டார். அக்காலத்தில் புதியவர் பதவியேற்கும் நாள் மார்ச் 4. தோற்றவர் மாதக்கணக்கில் ஆண்டுகொண்டிருக்க வேண்டிய நிலை. இந்த இடைவெளியில், தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வொர்த் உடல்நலிவால் விலகினார். ஆடம்ஸ் காத்திருக்கவில்லை. முதல் தலைமை நீதிபதியாய் இருந்த ஜான் ஜேயை மீண்டும் அழைத்தார். செனட் சபை ஒப்பியும் ஜே வர மறுத்தார். உடனே ஆடம்ஸ், தம் வெளியுறவுச் செயலராய் இருந்த ஜான் மார்ஷலின் பெயரை 1801 ஜனவரி 20-இல் அனுப்பினார். ஒரே கிழமையில் செனட் இசைந்தது. பிப்ரவரி 4-இல் மார்ஷல் தலைமை நீதிபதியானார். வியப்பென்னவெனில், அவர் வெளியுறவுச் செயலர் பணியையும் ஆடம்ஸின் இறுதி நாள்வரை உடன் பார்த்துவந்தார்.

அத்துடன் நின்றிருந்தால் ஒருவேளை பழி சிறிதாகியிருக்கும். பிப்ரவரி 13-இல் புதிய நீதித்துறைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. அதன்படி பதினாறு புதிய நீதிபதி இடங்கள் உண்டாயின. உச்ச நீதிமன்றத்தில் அடுத்து ஓர் இடம் காலியானால் அதை நிரப்பாமல் ஆறை ஐந்தாகக் குறைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறிற்று. தாம் இடங்களைப் பெருக்கி நிரப்புவது, வருகிறவர்க்கு ஓர் இடத்தையும் மிச்சம் வையாதிருப்பது என்னும் இரண்டும் ஒரே சட்டத்தில்! தலைநகர் வட்டாரத்துக்கு 42 அமைதிக் காவல் நீதிபதிகளையும் ஆடம்ஸ் கடைசி நாட்களில் அமர்த்தினார். இவர்களையெல்லாம் எதிர்க்கட்சியினர் 'நள்ளிரவு நீதிபதிகள்' என்று எள்ளினர். அப்பெயரே வரலாற்றில் நிலைத்தது.

அவசரத்தில் செய்த காரியத்தில் பிசகு நேராதிருக்குமா? நியமன ஆணைகளில் தலைவர் ஒப்பமிட்டார். மார்ஷல் முத்திரையும் இட்டார். சில ஆணைகள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வாறு கிடைக்காதவருள் ஒருவர் வில்லியம் மார்பரி. புதிய தலைவர் ஜெஃபர்சன் எஞ்சிய ஆணைகளைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மார்பரி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கைக் கேட்டவர் யார்? முத்திரையிட்டு, அனுப்பத் தவறிய அதே மார்ஷல்! 1803 பிப்ரவரி 24-இல் அவர் தந்த தீர்ப்பு, மார்பரிக்கு உரிமை உண்டு என்றது. ஆயின் தம் நீதிமன்றம் நேரே ஆணையிட வழிசெய்த சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி அதனைச் செல்லாதாக்கியது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் தள்ளும் அதிகாரம் உலகில் வேரூன்றியது அன்றுதான். ஜெஃபர்சன் கட்சியார் 1802-இலேயே அந்தப் பதினாறு இடங்களையும் சட்டத்தால் நீக்கிவிட்டனர். மார்ஷல் மட்டும் 1835-இல் இறக்கும்வரை 34 ஆண்டுகள் அசையாதிருந்தார். தோற்றுப்போன ஒருவர் ஆறு கிழமை மிச்சமிருக்கையில் நட்ட கன்று அது. அந்நியமனம் முறையற்றது என்று வாதிடுவோர்க்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு: மார்ஷலைவிடச் சிறந்த தலைமை நீதிபதி அந்நாட்டில் இருந்ததில்லை என்பது பலர் கருத்து. நன்மை விளைந்தது என்பதால் முறை சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. நாம் ஆகாது என்றே கொள்கிறோம். ஆயினும் அதை எளிதாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அமைப்பே வேறு. உயர் நீதிமன்ற நீதிபதியையும் உச்ச நீதிமன்ற நீதிபதியையும் நியமிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ஒப்பமிடுகிறார் என்பது உண்மை. ஆயின் அவர் தம் விருப்பப்படி ஒப்பமிடுபவர் அல்லர். அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். ஆதலால், 'போகும் தலைவர் நிரப்பலாமா' என்ற அமெரிக்க வினா, நம் மண்ணில் 'தேர்தலை நோக்கி நிற்கும் அமைச்சரவை அறிவுரை கூறலாமா' என்று உருமாறுகிறது. ராஜாமடத்தில் பிறந்து ராஷ்டிரபதி பவனம் ஏறிய ஆர். வெங்கட்ராமன், குடியரசுத் தலைவரை மின்தடை நேர்கையில் தானே எரியும் அவசர விளக்குக்கு ஒப்பிடுவார். மின்சாரம் வந்ததும் அது தானே அணைந்துவிட வேண்டும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் லோட் ஷெட்டிங்கில் வெந்த கல்கத்தாவாசிகளுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

மக்களவை கலைந்துவிட்டால் அமைச்சரவைக்கு அறிவுரை கூறும் தகுதி எஞ்சுமா? இதுதான் சென்னையில் எழுந்த வழக்கு. 1970 டிசம்பர் 27-இல் மக்களவை கலைக்கப்பட்டது. அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்புடையது என்கிறது அரசியலமைப்பு; மக்களவையே இல்லாதபோது யாருக்குப் பொறுப்பு, ஆகவே இந்திரா காந்தி பிரதமராய் நீடிப்பது எங்ஙனம் என்று யு. என். ஆர். ராவ் வினவினார். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1971 மார்ச்சில் வந்த தீர்ப்பு, குடியரசுத் தலைவர் எக்காலத்தும் அமைச்சரவையின்றி இயங்க இயலாது; அவை கலைந்தாலும் அமைச்சரவை இருந்தே தீரவேண்டும் என்றது. தலைவர் தனித்து ஆளத் தொடங்கினால் அது வேறொரு கேட்டுக்கு வழிகோலும் என்ற அச்சம் அதன் அடியில் இருந்தது. ஆகச் சட்டம் தெளிவாயிற்று: போகும் அமைச்சரவைக்கும் அதிகாரம் உண்டு.

கல்கத்தா வழக்கு அதற்கு ஒரு வரம்பு கட்டியது. 1979 ஜூலை 28-இல் பிரதமரான சரண்சிங், மக்களவையின் நம்பிக்கையை ஒருநாளும் பெற்றுக்காட்டாமலே ஆகஸ்ட் 20-இல் பதவி விலகினார். இரு நாட்களில் அவை கலைக்கப்பட்டது. அவரே காபந்து அரசின் தலைவராய் 1980 ஜனவரி வரை இருந்தார். அவர் நீடிப்பதை எதிர்த்து மதன் முராரி வர்மா என்பவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கைக் கேட்ட நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி, மனுவை ஏற்கவில்லை. ஆயினும் தீர்ப்பில் ஓர் அரிய கருத்தைப் பதித்தார். காபந்து அரசு என்ற பெயர் அரசியலமைப்பில் இல்லை. ஆயினும் அவையின் நம்பிக்கை பெறாத அமைச்சரவை அன்றாட நிர்வாகத்தை நடத்தலாமேயன்றிக் கொள்கை முடிவுகளை எடுத்தல் தகாது. அத்தகைய முடிவுகளில் தலைவர் அவ்வறிவுரைக்குக் கட்டுப்பட்டவரும் அல்லர் என்பது அதன் சாரம். இந்நீதிபதி பின்னர் இந்தியத் தலைமை நீதிபதியாகி, 1990-இல் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். ஹைகோர்ட்டின் அந்தச் செங்கல் கோபுரத்தைக் கடந்து டல்ஹவுசிப் பக்கம் அலுவலுக்குச் செல்லும் நம்மவருள், இத்தகைய தீர்ப்பு அங்கே பிறந்தது என்று அறிந்தவர் சிலரே இருப்பர்.

நீதிபதி நியமனம் அன்றாட நிர்வாகமா, கொள்கை முடிவா? இந்த இடத்தில்தான் 1977 ஜனவரியை நாம் நின்று பார்க்கவேண்டும். நம் நாட்டில் இவ்வினாவின் உண்மையான களம் அதுவே.

அவசரநிலை அறிவிக்கப்பட்டு ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் நீதிமன்றத்தை அணுகி விடுதலை கேட்கும் உரிமை அவசரநிலையில் உண்டா என்ற பெருவழக்கில், 1976 ஏப்ரல் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் நால்வர் இல்லை என்றனர். அந்நால்வர் தலைமை நீதிபதி ஏ. என். ரே, எம். எச். பெக், ஒய். வி. சந்திரசூட், பி. என். பகவதி. கைதிகள் தாயின் பரிவோடு பேணப்படுகின்றனர் என்ற பொருள்படப் பெக் எழுதினார். ஒருவர் மட்டும் உயிரும் உரிமையும் அரசின் கருணைக்கு உட்பட்டவை அல்ல என்று மறுத்து நின்றார். அவர் எச். ஆர். கன்னா. இத்தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதி பதவியை இழப்பிக்கும் என்று தம் சகோதரியிடம் முன்கூட்டியே கூறியதாக அவர் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார்.

அவ்வாறே ஆயிற்று. தலைமை நீதிபதி ரே, நம் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவர். 1973-இல் மூவர்க்கு மேலாக உயர்த்தப்பட்டு, அம்மூவரும் பதவி துறக்கக் காரணமான அந்த நியமனமும் தனிக்கதை. அவர் ஓய்வுபெறும் நாள் 1977 ஜனவரி இறுதி. ஜனவரி 18-ஆம் நாள் பிரதமர் வானொலியில் தேர்தலை அறிவித்தார். அன்றே மக்களவை கலைக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கருதுக: அந்த மக்களவைக்கு மக்கள் 1971-இல் தந்த ஆணை ஐந்தாண்டுக்கு, அது 1976 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. நீட்டி நீட்டி வைத்திருந்த அவையும் இப்போது இல்லை. அவையில்லாத அந்த அரசு பத்தாம் நாள், மூப்பில் முதல்வரான கன்னாவை விடுத்துப் பெக்கைத் தலைமை நீதிபதியாக்கிற்று. கன்னா அன்றே விலகல் கடிதம் எழுதினார்.

ஆணையில் ஒப்பமிட்டவர் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது. அவரால் மறுத்திருக்க முடியுமா? அமைச்சரவையின் அறிவுரைப்படியே தலைவர் நடத்தல் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிய 42-ஆம் திருத்தம் அவ்வாண்டு ஜனவரி 3-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்ற சிறு வாசலைத் திறந்த 44-ஆம் திருத்தம் வருவதற்கோ இன்னும் இரண்டாண்டுக்கு மேல் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் தலைவர் கை முழுதும் கட்டுண்டிருந்தது. ஒப்பமிட்ட இரு கிழமைகளில், பிப்ரவரி 11-இல், அவர் காலமானார். மார்ச்சில் அந்த அரசும் தோற்றது. அறிவுரை கூறியவரும் இல்லை, ஒப்பமிட்டவரும் இல்லை. நியமனம் பெற்றவர் மட்டும் 1978 பிப்ரவரி வரை இருந்தார்.

அரசுத் தரப்பில் ஒரு காரணம் கூறப்பட்டது: கன்னாவுக்கு எஞ்சியிருந்த பணிக்காலம் ஆறு மாதத்துக்கும் குறைவு என்பது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆயின் 1991 நவம்பரில் கே. என். சிங் என்பார் மூப்பு வரிசையால் தலைமை நீதிபதியாகி 18 நாட்களே இருந்தார். எவரும் காலம் போதாது என்று அவரைத் தடுக்கவில்லை. தேவைப்படும்போது கண்டெடுக்கப்படும் காரணத்துக்கும், எல்லார்க்கும் பொருந்தும் காரணத்துக்கும் வேறுபாடு உண்டு.

இந்நிகழ்ச்சியை மட்டும் கொண்டு, தேர்தல் காலத்தில் தலைமை நீதிபதியை நியமிப்பதே தவறு என்று முடிவுகட்டுவோமாயின் வரலாறு நம்மைத் தடுக்கும். 1951 நவம்பர் 6-இல் முதல் தலைமை நீதிபதி கானியா மறைந்தார். அப்போது குடியரசின் முதல் பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் ஒன்று அதுவரை இருந்ததேயில்லை. ஆயினும் மறுநாளே, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவரும் மூப்பில் முதல்வருமான பதஞ்சலி சாஸ்திரி அவ்விடத்தில் அமர்ந்தார். வேறொருவரை அமர்த்த எண்ணம் இருந்ததாகவும், நீதிபதிகள் ஒருமித்துத் தடுத்ததாகவும் ஒரு செய்தி வழங்கிவருகிறது, நடந்தது மூப்பின்படியே. அடுத்து 1971 ஜனவரி 22: மக்களவை கலைந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, எஸ். எம். சிக்ரி தலைமை நீதிபதியானார். கலைந்த அவையின் அமைச்சரவைக்கு அதிகாரம் உண்டா என்ற சென்னை வழக்கைத் தீர்த்ததும் அவர் தலைமை ஏற்ற நீதிமன்றமே. அப்படிப்பட்ட அமைச்சரவையால் அமர்த்தப்பட்டவரும் அவரே! இதை எவரும் குறையாக எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை. 1998 ஜனவரியில் எம். எம். பூஞ்சி பொறுப்பேற்றபோதும் மக்களவை கலைந்திருந்தது. 2004 மே தொடக்கத்தில் எஸ். ராஜேந்திரபாபு பதவியேற்றபோது வாக்குப்பதிவே நடந்துகொண்டிருந்தது. அவரை அமர்த்திய அரசு அம்மாதமே வீழ்ந்தது. செய்தித்தாள்கள் இவற்றை உள்பக்கத்தில் போட்டிருக்கும்.

இந்நான்கினுக்கும் 1977-க்கும் என்ன வேற்றுமை? காலத்தில் வேற்றுமை இல்லை. எல்லாம் அவையில்லா அல்லது அவை மாறும் வேளையில் நிகழ்ந்தவை. நான்கிலும் பெயரை முன்னரே வரிசை தீர்த்துவைத்திருந்தது. ஆள்பவர் செய்தது எழுதிய பெயரை வாசித்தது மட்டுமே. ஐந்தாவதில் ஆள்பவர் பெயரை அழித்து வேறு பெயர் எழுதினார். ஆகவே நாம் கொள்வது இது: நியமிப்பவர்க்குத் தேர்ந்தெடுக்கும் இடம் எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அவர் காலம் முடியும் வேளையில் கையை அடக்கிக்கொள்ளல் வேண்டும். இடமே இல்லாதபோது அடக்கமும் வேண்டா. ஆசனத்தைக் காலியாகப் போட்டுவைப்பதுதான் அப்போது குற்றமாகும்.

இக்கருத்து நம் முன்னோர்க்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நம் பிள்ளைகள் குடவோலை என்ற ஒரு சொல்லோடு படித்து விட்டுவிடுகின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை, வாரியத்தில் யார் வரலாம் என்பதை மட்டும் கூறி நிற்கவில்லை. போகிறவரைப் பற்றியும் கவலைப்படுகின்றன. வாரியத்தார் 360 நாள் இருந்து இறங்கவேண்டும். முன் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் குடத்தில் பெயரிடப்படத் தகுதியற்றவர். யார் பெயர் வரவேண்டும் என்பதைச் சிறுவன் ஒருவன் கை குடத்திலிருந்து எடுத்தது. இறங்கும் வாரியத்தார் கையில் அது விடப்படவில்லை. நீதிபதியைக் குடத்திலிட்டு எடுக்கவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை! போகிறவர் விருப்பம் வருகிறவர் காலத்தின்மேல் படரக் கூடாது என்ற எச்சரிக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ் ஊரவையில் இருந்தது என்பதைச் சுட்டவே கூறினோம்.

அமெரிக்காவோ 1801-இன் வினாவை இன்றளவும் தீர்க்கவில்லை. 2016 பிப்ரவரி 13-இல் நீதிபதி ஸ்கலியா இறந்தார். ஒபாமாவின் காலம் முடிய ஏறத்தாழ பதினொரு மாதம் இருந்தது. அப்போது பேசப்பட்ட பெயர்களுள் திருநெல்வேலிச் சீமையில் வேர்கொண்ட நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் பெயரும் ஒன்று என்பதை நம்மவர் ஆவலோடு படித்தனர். மார்ச் 16-இல் மெரிக் கார்லண்ட் பெயர் அனுப்பப்பட்டது. தேர்தல் ஆண்டில் மக்களே முடிவு செய்யட்டும் என்று கூறிச் செனட் அவரை விசாரணைக்கே அழைக்கவில்லை. 2020 செப்டம்பர் 18-இல் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது தேர்தலுக்கு ஏழு கிழமையும் இல்லை. அதே கட்சிப் பெரும்பான்மையுடைய செனட், ஏமி பாரெட்டின் நியமனத்தை அக்டோபர் 26-இல், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, 52-க்கு 48 என்று ஒப்பியது. பத்து மாதம் ஒருவர்க்கு மிகக் குறைவு; எட்டு நாள் மற்றொருவர்க்குப் போதும். வரிசையென்று ஒன்று இல்லாத இடத்தில் நாள்காட்டியும் கட்சி சேர்ந்துவிடுகிறது.

நம் நாட்டில் இப்போது நிலை பெரிதும் மாறியுள்ளது. 1993-லும் 1998-லும் வந்த தீர்ப்புகளுக்குப் பின், நீதிபதிகளைப் பரிந்துரைப்பது மூத்த நீதிபதிகள் குழுவாயிற்று. அதை மாற்ற 2014-இல் கொண்டுவந்த ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. ஆகவே போகும் பிரதமரைப் பற்றிய அச்சம் குறைந்தது. அதற்கீடாகப் போகும் தலைமை நீதிபதியைப் பற்றிய வினா முளைத்தது. 2022-இல் தலைமை நீதிபதி யு. யு. லலித் நவம்பர் 8-இல் ஓய்வுபெற இருந்தார். காலியிடங்களுக்குப் பெயர்களைத் தெரிவுசெய்ய, கூட்டம் கூடாமல் கடிதம் மூலம் கருத்துக் கேட்டார். குழுவில் இருவர் அம்முறையை ஏற்கவில்லை. இதற்கிடையே அடுத்த தலைமை நீதிபதி யார் எனக் கேட்டு அரசின் கடிதம் அக்டோபர் 7-இல் வந்துவிட்டது. அதன்பின் முன்னேறுவதற்கில்லை என்று குழு அப்பணியை முடித்துக்கொண்டது. அரசியலமைப்பில் இதற்கு ஒரு வரியும் இல்லை, வழக்கமே வரம்பாயிற்று. இந்த அடக்கத்தை நாம் பாராட்டுகிறோம். நாட்டின் நீதிமன்றங்களில் ஆசனங்கள் காலியாகவே இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மார்பரியின் கதைக்கு நம் நாட்டில் ஒரு தலைகீழ் நிழலும் உண்டு. 1991 அக்டோபரில் கே. என். ஸ்ரீவாஸ்தவா என்பவரைக் கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியாக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ஒப்பமிட்டுவிட்டார். பதவிப் பிரமாணம் நடக்குமுன் வழக்கு வந்தது. அவர் மிசோரம் அரசில் சட்டத்துறை அதிகாரியாய் இருந்தவரேயன்றி, அரசியலமைப்பு கூறும் நீதித்துறைப் பதவி வகித்தவரல்லர் என்று கண்டு, 1992 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்நியமனத்தை நீக்கியது. அங்கே ஒப்பம் விழுந்தவுடன் உரிமை பிறந்துவிட்டது என்றார் மார்ஷல். இங்கே ஒப்பம் விழுந்த பின்னும் தகுதி எங்கே என்று கேட்டது நம் நீதிமன்றம். நமக்கு இரண்டாவதே உகந்ததாகப் படுகிறது.

காத்திருத்தல் நல்லது என்று பேசுவோர், காத்திருப்பவர் யார் என்பதை மறக்கலாகாது. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதி இடங்கள் 72. அத்தனையும் ஒருசேர நிறைந்திருப்பது அரிது. 2018-இன் முற்பகுதியில் நீதிபதிப் பற்றாக்குறையைக் கண்டித்து வழக்கறிஞர்கள் வாரக்கணக்கில் பணிக்கு வராதிருந்ததை நம்மவர் நினைவுகூரக்கூடும். வேண்டிய நீதிபதி வேண்டும் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. நீதிபதி வேண்டும் என்றுதான் கேட்டனர். உயர்ந்த பதவிக்கு உரிய தயக்கத்தைச் சாதாரண காலியிடங்களுக்கும் நீட்டினால், அதன் கூலியை வாய்தா வாங்கித் திரும்பும் எளியவன் கொடுக்கிறான். எனவே, குழுவால் ஆராயப்பட்டு முடிந்த பெயர்களைத் தேர்தல் வருகிறது என்பதற்காக மேசையில் தூங்கவிடுவதை நாம் அடக்கம் என்று அழைக்கமாட்டோம்.

கன்னாவின் கதையில் இன்னும் சிறிது உண்டு. 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகச் சேர்ந்து சில நாட்களிலேயே விலகிவிட்டார். காபந்து அரசாக மாறப்போகும் அவ்வமைச்சரவையில் அவர் நீடித்திருந்தால், நீதிபதி நியமனக் கோப்புகள் அவர் மேசைக்கே வந்திருக்கும்! 1982-இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராய்க் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஜெயில்சிங்கிடம் தோற்றார். 1976-இன் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம் தவறென்று கூறித் தள்ளியது. அதை எழுதியவர் அந்நால்வருள் ஒருவரான சந்திரசூட்டின் மகன். 2024 நவம்பரில் கன்னாவின் உடன்பிறந்தார் மகன் சஞ்சீவ் கன்னா தலைமை நீதிபதியானார், மூப்பு வரிசைப்படிதான்.

ஆயினும் இவற்றையெல்லாம்விட நம் கருத்தைக் கவர்வது 1978-இல் நடந்தது. பெக் ஓய்வுபெறும் நாள் வந்தது. மூப்பில் அடுத்தவர் சந்திரசூட். அவரும் அந்நால்வருள் ஒருவர். அவரை அமர்த்தலாகாது என்று பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் எழுதி வேண்டினர். ஆண்டவர்களோ அவசரநிலையில் சிறையிருந்து வந்தவர்கள். மொரார்ஜி தேசாய் பிரதமர். முந்திய அரசு செய்ததையே திருப்பிச் செய்ய அவர்களுக்குக் காரணமும் இருந்தது, பெரும்பான்மையும் இருந்தது, ஐந்தாண்டுக் காலமும் முன்னே கிடந்தது. அவர்கள் வரிசையை மாற்றவில்லை. 1978 பிப்ரவரி 22-இல் சந்திரசூட் பதவியேற்றார். 1985 ஜூலை வரை, வேறெவரும் இருந்திராத அளவு ஏழாண்டுக்கு மேல், அப்பதவியில் இருந்தார்.